எலியக்கா பொறுக்கின நாவப்பழம்

திருடிக்கு நன்றி சொல்றேனா? ஆமா கீரியண்ணே, சொல்றேன், இன்னும் சத்தமாவே சொல்றேன்! மரத்துலேருந்து விழுந்து கால் ஒடிஞ்சு கெடந்தப்ப, இந்த அணிலு எனக்குப் பத்து நாளு நாவப்பழம் கொண்டாந்து ஊட்டுனது எலியக்காதான். நீங்க எட்டிக்கூடப் பாக்கல. கீழ விழுந்த பழம் அப்ப எல்லாருக்கும் பொது. பதினோராம் நாளும் அக்கா பொறுக்கப் போச்சு, காவலுக்கு நின்ன நீங்க புடிச்சுக் கூண்டுல போட்டுட்டீங்க.

நடுவுல என்ன ஆச்சு? கடல் தாண்டி ஒரு கம்பெனி வந்துச்சு. பழத்தையெல்லாம் நானே ஏத்திட்டுப் போறேன், குத்தவாளிங்கள அடைக்க நூறு கூண்டும் நானே வெச்சு நடத்துறேன், ஒரு கூண்டு காலியா கெடந்தாலும் வேற காட்டுக்குக் கெளம்பிடுவேன்னுச்சு. யானைத் தலைவரு தும்பிக்கையத் தூக்கி சரின்னாரு. மறுநாளே பழம் பொறுக்குறது குத்தம்னு சட்டம்! நூறு கூண்டும் ரொம்பிடுச்சு.

நேத்து பாக்கப் போனேன். கம்பிக்குள்ள இருந்துக்கிட்டு அக்கா என்னைக் கேக்குது: “கால் எப்படிடி இருக்கு? இப்பவே குதிக்காத.” அந்த மனசுக்கு நான் என்னண்ணே கைமாறு செய்வேன்?

நீங்க தள்ளுங்க. யானைத் தலைவரே, எல்லாரும் கூடியிருக்கோம், இங்கயே சொல்லுங்க. மொதல்ல வந்தது எது, எலியக்காவோட குத்தமா, உங்க கூண்டா?