ஓணான் பார்த்த சூடு

அடைகாத்துக்கொண்டிருந்த செவலைக் கோழிக்குப் பசி தாங்கவில்லை. கொல்லையில் கரையான் புற்று உடைந்து கிடப்பதாகக் கேள்விப்பட்டு, காவலுக்கு ஓணானைக் கூப்பிட்டது.

வெயில் ஏறி, பாதிக் கூட்டில் சுள்ளென்று அடித்தது. மறுபாதியில் தண்ணீர்ப் பானை ஒழுகிக்கொண்டிருந்தது. கோழி தயங்கியது.

"அந்தப் பக்கம் கொதிக்குது, இந்தப் பக்கம் சில்லுங்குது. ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கினா உன் வயித்துச் சூடுதான் வருது. நிம்மதியாப் போயிட்டு வாக்கா" என்றது ஓணான்.

கோழி நம்பிப் போய் வயிறாரத் தின்றுவிட்டு வந்தது. வெயில் பக்கத்து முட்டைகள் அவிந்திருந்தன. பானைப் பக்கத்து முட்டைகள் சில்லிட்டுச் செத்திருந்தன.

"அடப்பாவி! சரியான சூடு இருக்குன்னு சொன்னியேடா!"

"இப்பவும் கணக்கு சரிதாங்க்கா. மறுபடியும் கூட்டிக் காட்டட்டுமா?"

"கூட்ட வேண்டாம். அந்தச் சூடு எந்த முட்டையில இருக்கு? அந்த ஒண்ணை மட்டும் காட்டு."

ஓணான் ஒவ்வொரு முட்டையாகத் தொட்டுப் பார்த்தது. கடைசி முட்டையையும் தொட்டுவிட்டு, வேலிக்குள் ஓடிவிட்டது.

கோழி துரத்தவில்லை. அந்த முட்டைகள் மேலேயே மறுபடியும் உட்கார்ந்தது.