டென்சில் கொடுத்த பதில்

டென்சிலின் வலது காதுக்குள் லேசர் இறங்கியிருந்தது. மரத்துப்போக ஊசி மட்டும்தான், ஆள் விழித்திருந்தார். இடது காது என்றோ செவிடாகிவிட்டது. இதுவும் போனால் அவ்வளவுதான்.

"தலை ஒரு நூல்கூட அசையக் கூடாது அங்கிள். தலை சுத்துச்சின்னா என் கையை ஒரு தபா அழுத்துங்க," என்று நர்ஸ் நிக்கோல் சொல்லியிருந்தாள்.

நாலாவது தடவை லேசர் சுட்டபோது, செவிட்டுக் காதில் மணி மூன்று முறை அடித்தது. தங்கச் சுரங்கத்தில் கேஜை, ஆட்கள் போய்வரும் இரும்புக் கதவு போட்ட கூண்டை, ஏற்றி இறக்கும் இன்ஜினை ஓட்டியவருக்கு அது தெரியாதா? கீழே ஆட்கள் கேஜில் ஏறிவிட்டார்கள். டிரைவர் அதே மூன்றைத் திருப்பி அடித்தால்தான் மேலே வர முடியும். சுரங்கத்தை மூடியதோ 2001இல்.

மறுபடியும் மூன்று. அடுத்த மூன்று அவசரமாக வந்தது. டென்சிலின் தலை தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, நிக்கோலின் கையை மூன்று முறை அழுத்தினார்.

"இன்னா அங்கிள், சுத்துதா?"

"இல்லம்மா. பதில் குடுத்தேன்."

மணி நின்றது. லேசரும் முடிந்தது. டாக்டர் கிசுகிசுத்த சொல்லை டென்சில் பிசகாமல் திருப்பிச் சொன்னார். "காது பொழச்சிக்கிச்சு," என்று டாக்டர் சிரித்தார்.

வெளியே வராந்தாவில், கதவே இல்லாத இடத்தில், இரும்புக் கதவு ஒன்று இழுபட்டுத் திறந்தது. ஈர பூட்ஸ்களின் சத்தம் நெருங்கி வந்தது.

"யாருப்பா அது, பூட்ஸோட?" என்று நிக்கோல் வாசலைப் பார்த்து அதட்டினாள். "கழட்டிட்டு உள்ள வாங்க!"