ஐந்து கட்டை தூரம்

போலீஸ்காரர் கையை நீட்டி எல்லாரையும் நிறுத்திவிட்டார்.

லாரி நின்றது. பஸ் நின்றது. ஆடு ஏற்றிய ஒரு வேனும் நின்றது. அவற்றுக்கெல்லாம் முன்னால், பின்பக்கம் இரண்டு ரப்பர் பால் வாளிகள் தொங்க, செல்லாயியின் சைக்கிளும் நின்றது.

ஈப்போவிலிருந்து புறப்பட்ட சைக்கிள் பந்தயம் பத்துகாஜாவைத் தாண்டிவிட்டதாம். கோப்பேங் வழியாகக் கம்பார் போகிறதாம். கடைசி ஆள் கடக்கும்வரை ஈ காக்கைகூட ரோட்டில் இறங்கக் கூடாதாம். எப்படியும் அரை மணி நேரம் ஆகுமாம்.

அரை மணி நேரமா! இப்போதே மணி பதினொன்று.

மேல்காட்டில் சேர்த்த பாலை, ஐந்து மைல் தள்ளி, கோப்பேங் பட்டணத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் தோட்டத்து ஸ்டோரில் பதினொன்றரைக்குள் இறக்க வேண்டும். பிந்தினால் வெயிலில் உறைந்து கட்டியாகிவிடும். அவள் புருஷன் சீனி செய்துவந்த வேலை இது. அவன் இடுப்பு பிடித்துப் படுத்ததிலிருந்து மூன்று மாதமாக அவள்தான் செய்கிறாள். வேலை வாங்கும் மண்டோர் பெரியநாயகத்துக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"நாளைக்கு ஒரு நிமிஷம் பிந்தினாலும் அப்பறம் ஜெயபாலன்தான் பால் எடுப்பான்லா. நீ புல்லு வெட்டப் போயிடு" என்று நேற்றுதான் கறாராகச் சொல்லியிருந்தார்.

புல் வெட்ட அவள் பயப்படவில்லை. பத்து வருஷம் வெட்டியவள்தான். இந்த ஐந்து கட்டை தூரத்தை விட்டுக்கொடுக்கத்தான் மனசில்லை. இந்த ரோட்டில் சைக்கிள் ஏறிவிட்டால் ஏவவும் ஆளில்லை, ஏசவும் ஆளில்லை. இரண்டு பக்கமும் மரம், தூரத்தில் சுண்ணாம்பு மலை, நடுவில் அவள் ஒருத்தி. முப்பத்து நாலு வயசில் அவளுக்கென்று கிடைத்தது இது ஒன்றுதான்.

முன்னே வந்த போலீஸ் மோட்டார் சைக்கிள் சர்ரென்று பறந்து மறைந்தது. அதன் பின்னால் முதல் கூட்டம், ஒன்பது பேர், வளைவில் தெரிந்தார்கள். நிறுத்திய போலீஸ்காரரே வாயைப் பிளந்து அந்தப் பக்கம் திரும்பினார்.

செல்லாயி கைலியை இழுத்துச் செருகிக்கொண்டு ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

முதுகுக்குப் பின்னால் விசில் ஊதியது. ஊதட்டும்!

இடப்பக்கம் ஒல்லிச் சைக்கிள், வலப்பக்கம் ஒல்லிச் சைக்கிள். எல்லார் முதுகிலும் நம்பர். ஒருவன் அவளையும் வாளிகளையும் மாறி மாறிப் பார்த்து, பள்ளத்தில் விழப் பார்த்தான். செல்லாயிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்புறம் கோப்பேங் இறக்கம் வந்தது.

ஈப்போவிலிருந்து மிதித்து அவர்கள் களைத்திருந்தார்கள். அவளுக்கோ பாரமே துணை. இரண்டு வாளிப் பாலும் பின்னாலிருந்து தள்ளுவதுபோல் தள்ள, சைக்கிள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. ஒன்பதாவது ஆளைத் தாண்டினாள். ஐந்தாவது ஆளைத் தாண்டினாள். கண்ணில் நீர் வழிய, தலைத்துண்டு காற்றில் போக, ஏழாம் நம்பர் போட்ட முதல் ஆளையும் தாண்டிவிட்டாள்!

பட்டணத்துக்குள் நுழைந்தபோது அவளுக்கு முன்னால் வெறும் ரோடுதான் இருந்தது.

பழைய கடை வரிசையின் அஞ்சடி நடைபாதையெல்லாம் ஜனம். முதலில் எல்லாரும் வாளிகளை எட்டிப் பார்த்தார்கள். பிறகு காப்பிக்கடை முதலாளியான தவுக்கே பனியனோடு வெளியே ஓடிவந்து கை தட்டினார். அவ்வளவுதான், தெரு முழுக்கக் கைதட்டல். தனக்காக யாரும் கை தட்டிச் செல்லாயி கேட்டதே இல்லை. சந்தோஷம் நெஞ்சுக்குள் கொள்ளவில்லை. மணியைக் கிணிகிணியென்று அடித்துக்கொண்டே தெருவைக் கடந்தாள்.

பட்டணம் தாண்டியதும் எதிர்காற்று முகத்தில் அறைந்தது. இனித் தன்னை முந்திவிடுவார்கள் என்று நினைத்தாள். முந்தவில்லை. பின்னால் டயர்கள் உரசும் சத்தம் மட்டும் விடாமல் வந்தது. திரும்பிப் பார்க்க நேரமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள்.

தோட்டத்துச் செம்மண் பாதை வந்தது. சட்டென்று ஒடித்துத் திருப்பினாள். குழி, கல், பாலம், மறுபடி குழி. ஸ்டோர் வாசலில் பெரியநாயகம் கைக்கடிகாரத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிரேக் பிடித்து இறங்கினாள்.

மண்டோர் வாளியின் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். பால் உறையவில்லை. இன்னொரு வாளியையும் திறந்தார். அதுவும் உறையவில்லை. நிமிர்ந்தவர் அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தபடியே நின்றுவிட்டார்.

செல்லாயி திரும்பினாள்.

எதிர்காற்றுக்குப் பயந்து அவள் வாளிகளுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு, தலை நிமிராமல் முன்னால் போகும் சக்கரத்தையே நம்பி வந்த ஒன்பது பேரும், முழங்கால்வரை செம்மண் அப்பிக்கொண்டு ஸ்டோர் வாசலில் நின்றார்கள்.

ஏழாம் நம்பர் சீனப் பையன், பந்தயம் முடியும் இடம் எங்கே என்று மூச்சு வாங்க மலாயில் கேட்டான்.

பெரியநாயகம் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபது. செல்லாயியைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு தமிழிலேயே பதில் சொன்னார்.

"இங்கதான்லா. இந்தப் புள்ளதான் முதல்ல வந்துச்சு. நீங்கள்லாம் அப்பறம்தான்."

பந்தயக்காரர்களில் ஒருவனுக்கும் அது புரியவில்லை. செல்லாயிக்குப் புரிந்தது.