கேமரா பார்க்கும் பக்கம்

போசரித் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில், ஜெபமணியின் மேசைமேல் பேராசிரியர் சுந்தரமூர்த்தி கேமராவைப் பொருத்துகிறார். விபத்து அறிக்கை எழுதுகிறவள் தன் வரிகளை எப்படித் திருத்துகிறாள் என்று ஆராயப் போகிறாராம். இன்று ஒத்திகை. "திருத்தும்போது மனசுல ஓடுறத வாய்விட்டுச் சொல்லுங்கம்மா. விரல் அசையறதெல்லாம் பதிவாகும்." கீழே பிரஸ் மெஷின் இடிக்கும்போதெல்லாம் கிளாஸில் டீ நடுங்குகிறது. கம்ப்யூட்டரில் அவள் நேற்று எழுதிய வரி இருக்கிறது: மெஷினின் பாதுகாப்பு மூடியைக் கழற்றி வைத்திருந்ததால் தொழிலாளி மனோஜின் விரல்கள் துண்டாயின. அதை அழித்து, தொழிலாளியின் கவனக்குறைவு என்று அடிக்கிறாள். கீபோர்டு அதிர்கிறது. "இப்ப என்ன நினைச்சீங்க?" அவர் பேனாவைத் திறக்கிறார். அவள் கை நிற்கிறது. "நானா சார் நினைச்சேன்? காலையில மேனேஜர் சாப் உள்ள கூப்பிட்டு, இப்படி மாத்துன்னாரு. எப்பவும் அங்கதான் மாறும், வாய்ப்பேச்சாவே. கீழ கையெழுத்து மட்டும் என்னோடது. உங்க ஆராய்ச்சியிலயும் என் விரல்தான் மாட்டணுமா?" எழுந்து, கேமராவின் கழுத்தைப் பிடித்து, மேலாளரின் கண்ணாடி அறைப் பக்கம் திருப்புகிறாள். போனில் சிரித்துக்கொண்டிருக்கும் மேலாளர் நிமிர்ந்து பார்க்கிறார். சிரிப்பு நிற்கவில்லை. கை மட்டும் நீண்டு ஜன்னல் திரையை இறக்குகிறது. சுந்தரமூர்த்தி தொண்டையைச் செருமுகிறார். "அந்த ரூமுக்கு எனக்கு அனுமதி இல்லைம்மா," என்று மெதுவாகச் சொல்லி, கேமராவை மறுபடியும் அவள் விரல்களுக்கு நேராக வைக்கிறார்.