தையல்காரன் கட்டிய சுவர்

சுவரில் இன்னும் ஒரே ஒரு கல்லுக்குத்தான் இடம் பாக்கி. அந்த ஓட்டை சரியாக அண்ணன் முகம் தெரிகிற உயரத்தில் இருந்து தொலைத்தது.

ஒன்பது வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. தண்ணீர் மோட்டாரை யார் வீட்டுப் பக்கம் வைப்பது என்று ஆரம்பித்த சண்டை. மோட்டார் எப்போதோ பழுதாகிக் காயலான் கடைக்குப் போய்விட்டது. சண்டை மட்டும் ஒரு கோளாறும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

தக்காளிச் செடி வைக்கலாம் என்றுதான் தோட்டத்தைக் கொத்தினேன். மண்வெட்டியை எங்கே போட்டாலும் கல். தூக்கி எறிய மனசு வரவில்லை. வெட்டி மிஞ்சிய துண்டுத் துணியைக்கூடச் சேர்த்து வைக்கிற தையல்காரப் புத்தி.

ஒன்று தண்ணீர்த் தொட்டி மூடிக்குப் பாரமானது. இரண்டு, குழாயடிச் சேற்றில் கால் வைத்து நிற்க. தட்டையான ஒன்றைக் கடைக்கு எடுத்துப் போனேன், வெட்டும்போது துணி நகராமல் இருக்க. வீட்டுக்குள் நாலைந்து வந்ததும் மனைவி தடை போட்டாள். இனி ஒரு கல் உள்ளே வந்தால் நான் வெளியே போகலாமாம்.

அப்போதுதான் இந்த யோசனை. என் தோட்டத்துக்கும் பக்கத்து அண்ணன் தோட்டத்துக்கும் நடுவே சுவர். கல்லும் தீரும், அந்த மூஞ்சியையும் பார்க்க வேண்டாம்.

அண்ணன் கொத்தனார். நான் கட்டுகிற லட்சணத்தை மூன்று வாரமாக அந்தப் பக்கம் நின்று பார்த்தார். சுவர் இரண்டு தடவை சரிந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு திட்டு திட்டினால்தான் என்ன, குறைந்தா போய்விடுவார்?

இப்போது கடைசி ஓட்டைக்குத் தோதாக ஒரு கல் இல்லை. வேண்டாதபோது கூடை கூடையாக வந்தது, வேண்டும்போது ஒன்றுகூட அகப்படவில்லை. உண்மையைச் சொன்னால், அகப்படாததில் எனக்கு வருத்தமும் இல்லை.

சும்மா மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தேன். ஓட்டை வழியாக ஒரு கை நீண்டது. கையில் கல்.

"இத வச்சுப் பாரு."

ஒன்பது வருடத்துக்குப் பிறகு அண்ணன் என்னிடம் வாயைத் திறந்தார். அதுவும் சுவரை முடிக்கச் சொல்லி.

வாங்கி ஓட்டையில் வைத்தேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. சுற்றிலும் ஒரு நூல் நுழைய இடமில்லை.

உடனே வெளியே உருவினேன்.

"கொஞ்சம் பெருசா இருக்குண்ணா."

அண்ணன் ஓட்டையைப் பார்த்தார். என் கையிலிருந்த கல்லைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஆமாடா, பெருசுதான். இரு, வேற பாக்கறேன்."