முட்டைக்கு மட்டும் விதி

ஆலமரத்து வாட்ஸ்அப் குழுவுக்குக் காக்கைதான் அட்மின். "அடுத்தவர் அந்தரங்கத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது" என்ற ஒற்றை வரிதான் அது போட்டிருந்த விதி.

ஒருநாள் அணில் பதறி ஓடி வந்தது. "அண்ணே, என் பொந்து எங்க இருக்குன்னு கிளி போட்டோ போட்டிருச்சு. குழுவுல பாம்பும் இருக்கு. உள்ள என் குட்டிங்க தூங்குதுங்க!"

"பொந்து எல்லார் கண்ணுக்கும் தெரியற இடந்தானேம்மா? அது எப்படி அந்தரங்கமாகும்?" என்றது காக்கை.

"அப்படியா? சரிண்ணே" என்ற அணில், அங்கேயே நின்று குழுவில் தட்டியது: "காக்கையண்ணன் கூடு உச்சிக்கிளையில. நாலு முட்டை. மத்தியானம் கூட்டுல யாரும் இருக்க மாட்டாங்க."

குயில் உடனே இதயம் போட்டது.

காக்கைக்கு வேர்த்துவிட்டது. அன்று மத்தியானமே குளக்கரையில் உட்கார்ந்து, கூட்டின் இடம், முட்டையின் எண்ணிக்கை, வெளியே போகும் நேரம் என்று பிரித்துப் பிரித்துப் பதினோரு விதி எழுதிப் போட்டது. எல்லாம் கண்ணாடி மாதிரித் தெளிவு. பொந்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

அணில் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு பக்கத்து மரத்துக்குக் குடிபோனது. போகிற வழியில் காக்கையின் கூட்டை எட்டிப் பார்த்தது. ஐந்து முட்டை இருந்தது.

காக்கையிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தது. பிறகு, அடுத்தவர் முட்டையை எண்ணுவது விதிமீறலாயிற்றே என்று பேசாமல் போய்விட்டது.