விரியும் அம்புகள்

வீடியோவில் எது எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணினியைக் கண்டுபிடிக்க வைப்பதுதான் பிலோமினாவின் வேலை. நகரும் ஒவ்வொரு புள்ளியிலும் அது ஒரு பச்சை அம்பு போடும். ஓர் உருவத்திலிருந்து அம்புகள் நாலா பக்கமும் விரிந்தால், அது நம்மை நெருங்கி வருகிறது என்று அர்த்தம்.

சாப்பாட்டு இடைவேளையில் ஏழு வருடப் பழைய வீடியோ ஒன்றை அதற்குக் கொடுத்தாள். ரயில்வே பிளாட்பாரம். இன்னும் கிளம்பாத ரயிலின் முன்னால் சூசை, பக்கத்தில் ஒரு தூண். சண்டை போட்டுக்கொண்டு போகிற கணவனிடம் பேச வீம்பு விடாமல், போனை முகத்துக்கு நேரே பிடித்து அவள் எடுத்த பதினொரு வினாடி. அதன் பிறகு அவன் வரவேயில்லை. அதில் அவன் சிலை மாதிரி நிற்கிறான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இப்போது அவன் சட்டையிலிருந்து அம்புகள் பூவாய் விரிந்தன.

“என்னப் பாத்து வந்திருக்காருடி!”

பக்கத்து நாற்காலி நசீமா எட்டிப் பார்த்தாள். “தூணப் பாருங்கக்கா. அதுலயும் அம்பு விரியுது. தூணு நடந்து வருமா? கேமராதான் முன்னால போயிருக்கு. நீங்கதான் அவர்கிட்ட போயிருக்கீங்க.”

“நானா? நின்ன எடத்த விட்டு நான் அசையவே இல்ல.”

நசீமா டிபன் பாக்ஸைக் கழுவப் போனாள். தூணும் ரயிலும் போய்ச் சூசை மட்டும் மிஞ்சும்படி பிலோமினா படத்தின் ஓரங்களை வெட்டினாள். மறுபடி ஓடவிட்டாள்.

சூசை வந்துகொண்டிருந்தான்.